இரு நபர் ஜாமீன்

ஒரு மத்தியச் சிறையின் வெளிவாசல். மர நிழலில் ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சிறைவாசிகளுக்காக வேலை செய்யும் தொண்டு அமைப்பின் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே இருப்பவர்களைப் பார்க்க நிற்கும் வரிசையிலிருந்து ஓர் அம்மா விலகி வருகிறார். இடுப்பில் செருகிய பாலித்தீன் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்: ரேஷன் கார்டு, ஆதார் நகல், மடிப்பில் கிழியத் தொடங்கிய ஜாமீன் உத்தரவு.

“பெயிலு குடுத்துட்டாங்கன்னு வக்கீலு சொன்னாரு கண்ணு. புள்ளைய வுடல.”

அவள் தாளை நீவிப் படிக்கிறாள். 10,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீன். அதே தொகைக்கு உள்ளூர்க்காரர் இருவர் ஜாமீன்.

“ஜாமீன் நிக்க யாரும் இல்லியாம்மா?”

“எந்தம்பி செய்யாறுலேர்ந்து வந்தான். வெளியூரு ஆளுன்னு வேணாம்னுட்டாங்க.”

அவள் நீளமான பதிவேட்டைத் திறக்கிறாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: ‘ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருக்கும் நாட்கள்’. அதில் 26 என்று எழுதுகிறாள். மேலே ஏற்கெனவே பதினோரு பெயர்கள். மாதக் கடைசியில் இந்தப் பக்கங்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும். ஒவ்வொருவராகக் கேட்டால் தலையெழுத்து என்பார்கள். வரிசையாக எழுதி வைத்தால் மாற வேண்டியது நடைமுறை என்று புரிகிறது.

பிறகு வெள்ளைத்தாளில் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனு எழுதுகிறாள். 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டம் என்று அவருடைய சகோதரரையும் தள்ளினார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்ச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்தவர் 7 நாளில் வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. விடுதலை தாமதமாகும் இடங்களில் உள்ளூர் ஜாமீன் கேட்க வேண்டாம் என்றும் யோசனை சொன்னது. இவையெல்லாம் அந்தத் தாளில் ஏறுகின்றன.

அம்மா ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்திடுகிறார்.

“உள்ள போயி அவன்கிட்ட என்னன்னு சொல்லட்டும்?”

“மனு போட்டிருக்கோம்னு சொல்லுங்கம்மா. தேதி மட்டும் சொல்லாதீங்க.”

தலையாட்டிவிட்டு வரிசைக்குத் திரும்புகிறார். அவர் வைத்துவிட்டுப் போன துணிப்பையைப் பின்னால் நின்ற பெண், யாரென்றே தெரியாதவள், ஒவ்வோர் அடியாக முன்னே நகர்த்திக் கொண்டுவந்து இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.