ஆரவல்லி முள்ளும் ஒரு ஜோடி டயரும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. குர்கான் - ஃபரிதாபாத் சாலையிலிருந்து விலகி மாங்கர் கிராமத்தை நோக்கி இறங்கும் செம்மண் தடத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். தலையில் ஹெல்மெட், கைகளில் விரலில்லாத உறைகள், முதுகில் தண்ணீர்ப் பை. சைக்கிளின் டயர்களைப் பார்த்தால் டிராக்டருக்குத் தம்பி என்று சொல்லத் தோன்றும். விரல் பருமனில் ரப்பர்க் குமிழ்கள் நாலா பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஆனால் பின்சக்கரத்தில் காற்று இல்லை. அவருக்குப் பின்னால் பன்னிரண்டு வயது மகன் தன் சைக்கிளில் ஏறாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒரே ஒரு வார்த்தை கேட்கிறார்: "கீகர்?"

கீகர்தான். விலாயதி கீகர். ஆங்கிலேயர் காலத்தில் தில்லியின் மலைமுகடுகளைப் பசுமையாக்க நட்ட மெக்ஸிகோ பக்கத்து மரம், இன்று ஆரவல்லியின் பெரும்பகுதியைத் தன் வசப்படுத்திவிட்டது. தமிழ்நாட்டில் அதன் பெயர் சீமைக் கருவேலம். விலாயதி என்றாலும் சீமை என்றாலும் ஒன்றுதான். இரண்டு மொழிக்காரர்களும் அதை அந்நியன் என்றே அடையாளம் கண்டுவைத்திருக்கிறார்கள். சைக்கிளைத் தள்ளி வந்தவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பிரிவு அதிகாரி, சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம். "எந்த முள்ளுக்குப் பயந்து ஊரை விட்டு வந்தேனோ அது எனக்கு முன்னாடியே இங்க வந்து உட்கார்ந்திருக்கு" என்கிறார், பாதி சிரிப்பும் பாதி எரிச்சலுமாக.

எரிச்சலுக்குக் காரணம் முள் மட்டுமல்ல. முந்தைய வாரம்தான் அந்த டயர்களுக்கு ஜோடி ஏழாயிரம் ரூபாய் கொடுத்திருந்தார். சைக்கிளின் விலையே பதினெட்டாயிரம்.

2020-ல் பொது முடக்கம் தளர்ந்தபோது தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் சைக்கிள் வாங்காத குடும்பம் குறைவு. கியர் வைத்த மலை சைக்கிள்கள் கடைக்கு வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தன. அவற்றில் பல இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனிகளில் துவைத்த துணி தாங்கிக்கொண்டிருக்கின்றன. சோம்பல் ஒரு காரணம் என்றால் பஞ்சர் இன்னொரு காரணம். வாரம் ஒருமுறை கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர், மூன்றாவது ஞாயிறு போர்வைக்குள்ளிருந்து எழுந்திருப்பதில்லை.

ஜண்டேவாலான் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, 108 அடி உயர அனுமாரைப் பார்த்துவிட்டு நடந்தால் சைக்கிள் சந்தை. கடைவாசல்களில் டயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. லூதியானாவில் தயாரான டயர் சில நூறு ரூபாய். தைவான், ஜெர்மன் நிறுவனங்களின் பெயர் தாங்கியது மூவாயிரம், நாலாயிரம். "எங்கே ஓட்டப்போகிறீர்கள்?" என்று கேட்கும் கடைக்காரர் அபூர்வம். "மலை சைக்கிளா? இதோ இருக்கிறது மலை டயர்" என்று எல்லாவற்றிலும் முரட்டுத்தனமானதை எடுத்து மேஜை மேல் போடுகிறார்கள். வாங்குபவருக்கும் அதுதான் பிடிக்கிறது. பல் பெரிதாக இருந்தால் பிடிப்பும் பெரிதாக இருக்கும் என்பது பார்த்தவுடன் நம்பத் தோன்றும் தர்க்கம்.

ஆனால் அது சேற்று நாட்டின் தர்க்கம். உயரமான, இடைவெளி விட்டு நிற்கும் குமிழ்கள், ஈர மண்ணைக் கவ்விப் பிடித்து, பிறகு உதறித் தள்ளுவதற்காக உண்டானவை. ஆரவல்லியில் சேறு என்பது மழைக்காலத்துச் சில வாரச் சங்கதி. மற்ற நாட்களில் அங்கே இருப்பது கெட்டிப்பட்ட தரை, அதன் மேல் பொடிக்கல், இடையிடையே மணல், எங்கும் கத்தி விளிம்போடு குவார்ட்சைட் பாறை. இந்தப் பாறையை நொறுக்கியும் சலித்தும் எடுத்த பதர்பூர் மணலில்தான் தில்லியின் பாதி வீடுகள் எழுந்தன. ஃபரிதாபாத், குர்கான், மேவாட் பகுதி ஆரவல்லியில் சுரங்கத் தொழிலை உச்ச நீதிமன்றம் 2009-ல் நிறுத்தியது. லாரிகள் போட்ட தடங்கள் மிஞ்சின. குவாரிப் பள்ளங்களில் நீலநிறத்தில் தண்ணீர் நிற்க, ஓரமாகப் போகும் அந்தத் தடங்களில்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்கள் ஓடுகின்றன. கெட்டித் தரையில் உயரக் குமிழ் வளைந்து கொடுக்கிறது. திருப்பத்தில் சக்கரம் நழுவுவதுபோல் ஓர் அச்சம். போதாக்குறைக்கு, தடத்தை அடையவே ஆர்.கே.புரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலை. அதில் இந்த டயர்கள் வண்டுபோல் ரீங்காரமிட்டபடி தேய்ந்துகொண்டே போகின்றன.

மலை சைக்கிளைப் பெற்றெடுத்ததே டயர்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1970-களில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். அந்தச் சைக்கிள்களில் இருந்தது 1930-களில் ஷ்வின் நிறுவனம் அறிமுகப்படுத்திய தடித்த பலூன் டயர். மலைக்கு ஏற்றதாக அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். 1976 அக்டோபரில் நடந்த முதல் 'ரீபேக்' பந்தயத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் கொதித்துப்போன பிரேக்கில் கிரீஸைப் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால்தான். அவர்களைக் காப்பாற்றியது பெரிய பல் அல்ல. அகலமும் அதற்குள் இருந்த மெத்தென்ற காற்றும்.

அந்த விதி இன்றும் மாறவில்லை. கரோல்பாகில் நாற்பது ஆண்டுகளாக வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழ் வங்கி அதிகாரி ஒருவர், அறுபது வயதுக்குப் பிறகு இந்தத் தடங்களில் சைக்கிள் விடத் தொடங்கியவர். பிரிவு அதிகாரி அவரிடம் போய் நின்றபோது முதலில் கேட்டது, "தம்பி, பின் டயரை எதுக்கு மாத்தினீங்க? பழசுக்கு என்ன குறை?" என்பதுதான். பதில் இல்லை. பிறகு அவர் விளக்கினார். முன்சக்கரம் நழுவினால் ஆள் விழுவார். பின்சக்கரம் நழுவினால் வால் ஆடும், அவ்வளவுதான். ஆகவே முன்னால் கொஞ்சம் பிடிப்பான டயர், பின்னால் நடுவில் தாழ்ந்த நெருக்கமான குமிழும் ஓரத்தில் சற்று உயர்ந்த குமிழும் உள்ள, சுலபமாக உருளும் டயர். அகலம் 2.1 முதல் 2.25 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால், மலிவான சைக்கிள்களில் டயர் பின்பக்க ஃபோர்க்கில் உரசக்கூடும். இரண்டு பக்கமும் ஒரு விரலாவது நுழைய வேண்டும்.

அளவு வாங்குவதில் ஒரு வேடிக்கை உண்டு. 26, 27.5, 29 என்று அங்குலத்தில் சொல்வதெல்லாம் கூப்பிடும் பெயர்கள். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் 559, 584, 622 என்ற மில்லிமீட்டர் எண்கள்தான் சாதிக்கப் பிறந்தவை. ரிம்மில் உட்காரும் விட்டம் அதுதான். நம் தாத்தாக்கள் ஓட்டிய 28 x 1½ சைக்கிளின் எண் 635. அதாவது அந்த 28, இன்றைய 29-ஐவிடப் பெரிய ரிம். அச்சுப் பிழையல்ல.

இனி முள். இரண்டு அங்குலம் வரை நீளும் கருவேல முள்ளை எந்த டயரும் முழுதாக நிறுத்திவிடாது; விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் சரி. ஆனால் மணல் தடத்தில் முள்ளைவிட அதிகம் தொல்லை தருவது நெருஞ்சி. இதே நெருஞ்சி அமெரிக்காவின் தென்மேற்கிலும் குடியேறி, அங்குள்ள சைக்கிள்காரர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறது. டயரின் மேற்பரப்புக்கு அடியில் பாதுகாப்புப் பட்டை வைத்துத் தைத்த ரகங்கள் நெருஞ்சியைப் பெரும்பாலும் தடுக்கின்றன. அவை எடை கூடுதல். பந்தயக்காரருக்கு அது குறை; ஞாயிற்றுக்கிழமைக்காரர் நூறு, நூற்றைம்பது கிராமுக்காகக் கவலைப்படுவது வீண். பக்கச்சுவரும் தடிமனாக இருக்கட்டும், குவார்ட்சைட் கிழிப்பது அங்கேதான். ட்யூப் இல்லாத டயர் நல்ல ஏற்பாடு, ஆனால் அதற்கென்றே செய்த ரிம் வேண்டும், உள்ளே ஊற்றும் திரவம் தில்லி வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும். வால்வு ஊசியைக் கழற்ற முடிகிற ட்யூபில் அதே போன்ற அடைப்புத் திரவத்தை ஊற்றிக்கொள்வது எளிய வழி. பஞ்சரான பிறகு புது ட்யூப் போடுபவர்கள், டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்காமல் போடக் கூடாது. முறிந்த முள்முனை அங்கேயே காத்திருக்கும்.

இவ்வளவுக்கும் மேலாகக் காற்று. சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் கையில் சைக்கிளைக் கொடுத்தால் கல்லுபோல் அடித்துக் கொடுப்பார். டயரில் போட்டிருப்பது உச்ச வரம்பு, ஓட்ட வேண்டிய அளவு அல்ல என்பதை அவரிடம் வாதிட முடியாது. கல் டயர் ஒவ்வொரு கூழாங்கல்லிலும் துள்ளும், பிடிப்பை இழக்கும். எழுபது கிலோ ஆளுக்கு, இந்த அகலத்தில், முன்னால் 30, பின்னால் 35 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கிப் பார்க்கலாம். ரொம்பவும் குறைத்தால் வேறு ஆபத்து. பாறை விளிம்பில் மோதும்போது ரிம் ட்யூபைக் கவ்வி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் போடும். சைக்கிள்காரர்கள் இதைப் பாம்புக்கடி என்கிறார்கள். அளவு காட்டும் பம்பு ஒன்று வீட்டில் இருப்பது விலையுயர்ந்த டயரைவிட உபயோகம். மெல்லிய ப்ரெஸ்டா வால்வு வைத்த ட்யூப் என்றால் ஒரு சின்னப் பித்தளை அடாப்டரும் பையில் இருக்க வேண்டும். சாலையோரப் பம்பு அதில் பொருந்தாது.

பிரிவு அதிகாரி புதிதாக வாங்கியது பின்னால் போட ஒரே ஒரு டயர், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். முன்னால் ஏழாயிரம் ஜோடியில் ஒன்று அப்படியே இருக்கிறது. மாங்கர் பனி என்னும் புனித வனத்தின் விளிம்பு வந்ததும் அப்பாவும் மகனும் சைக்கிள்களைத் திருப்பிக்கொண்டார்கள். தௌ மரங்கள் அடர்ந்த அந்தக் காட்டில் சுள்ளி ஒடிப்பதுகூடக் கிராமத்தாருக்கு விலக்கு. அங்கே சக்கரம் உருட்டுவது மரியாதையில்லை.

தார்ச்சாலை ஏறுமுன் மகன் உட்கார்ந்து பின் டயரைச் சுற்றி ஆராய்ந்தான். நெருஞ்சி ஏழு, கருவேல முள் ஒன்று. கருவேல முள்ளைப் பிடுங்கியதும் பச்சை நிறத்தில் திரவம் கொப்புளித்தது. சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் காது வைத்துக் கேட்டான். "நின்னுடுச்சுப்பா" என்றான். மிஞ்சிய ஒரு டயர் ஆர்.கே.புரம் வீட்டின் பால்கனியில் தொங்குகிறது. அதைத் தரையில் போட்டு நடுவில் மண் நிரப்பிப் புதினா வைக்கலாமா என்று வீட்டுக்காரி கேட்டிருக்கிறார்.