சார்கோவின் அதிரும் நாற்காலி

ரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் குலுங்கிப் போய்வந்தால் யாருக்கும் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனால் பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனைக்கு வந்த பார்க்கின்சன் நோயாளிகள் சிலர், அப்படிக் குலுங்கி வந்த பிறகுதான் உடம்பு லேசாக இருக்கிறது என்றார்கள். நரம்பியல் மேதை ழான் மார்தான் சார்கோ அதைக் காதில் போட்டுக்கொண்டார். இந்த நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவரே அவர்தான்.

அவர் ஒரு நாற்காலி செய்வித்தார். மின்சாரத்தில் இயங்கும் அது, ஓடும் ரயில் பெட்டிபோல விடாமல் அதிரும். நோயற்றவர் உட்கார்ந்தால் ஓரிரு நிமிடத்தில் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சுவார். நோயாளியோ அரை மணி நேரம் சுகமாக இருப்பார்; இறங்கினால் நடை இலகுவாகும், இரவில் நல்ல தூக்கம் வரும். 1892-ல் சார்கோ இதைப் பற்றி விரிவுரை ஆற்றினார். மறு ஆண்டே காலமானார். நாற்காலியும் மறக்கப்பட்டது.

2012-ல் சிகாகோ மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு அதிரும் நாற்காலி; மற்றதற்கு அதிர்வே இல்லை, இதமான ஒலிகள் மட்டும். இரு குழுவினருக்குமே உடல் அசைவில் முன்னேற்றம் தெரிந்தது. பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. மருந்து என்ற எதிர்பார்ப்போடு இருந்த பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, வான்கூவர் ஆய்வாளர்கள் வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றினார்கள். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் உண்மையாகவே சுரந்ததைப் படம்பிடித்து 2001-ல் வெளியிட்டார்கள். இந்த நோயில் குறைந்துபோவது அந்த டோபமின்தான். குணமாகும் என்ற நம்பிக்கையும் உடம்புக்குள் வேலை செய்கிறது.

நம்பிக்கையைத் தாண்டிப் பயன் தருபவையும் உண்டு. ஆரிகனில் 195 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தாய் சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சியைப் பயின்றவர்களுக்கு உடல் சமநிலை மேம்பட்டது. வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரைப் பராமரித்த குடும்பத்துக்கு இதன் அருமை தெரியும்.

இந்த நோயின் மருத்துவத்தில் நம் பூனைக்காலி மூலிகைக்கும் பங்குண்டு. அதன் விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளை 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தார்கள். வியன்னாவில் அது பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்தப்பட்டது 1961-ல்தான். இன்றும் முதன்மை மருந்து அதுவே. அதனால்தான் பூனைக்காலிப் பொடியை 'வெறும் மூலிகைதானே' என்று லெவோடோபா மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து. ஒரே மருந்து இரு வழியில் உள்ளே போகிறது. பொடியில் அதன் அளவும் ஒரே சீராக இருப்பதில்லை. குமட்டலும் தலைச்சுற்றலும், கட்டுக்கடங்காத உடல் அசைவுகளும்கூட வரலாம். பொடி சாப்பிடுகிறவர்கள் அதை நரம்பியல் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கேட்பவரும் கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும்.