ஐம்பது தோட்டாக்கள், ஒரு டார்ச் விளக்கு

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம். ஈரி ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். டிசம்பர் மாத இரவு, வெளியே பனி கொட்டுகிறது. வீட்டின் நிலவறையில் ஒரு மர மேஜை. அதன் மேல் ஒரு விளக்கு, ஒரு சின்னத் தராசு, அட்டை கிழிந்த ஒரு நோட்டுப் புத்தகம். அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்து, மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள பித்தளைக் கூடுகளை மரப்பலகையின் குழிகளில் ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். வரிசைக்குப் பத்து, ஐந்து வரிசை. மொத்தம் ஐம்பது.

அவர் செய்வது துப்பாக்கித் தோட்டா. கடையில் காசு கொடுத்தால் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். ஆனால், அவருடைய ரிவால்வர் வீட்டில் செய்த தோட்டாவை மட்டுமே பார்த்துப் பழகியது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. அதனால் அங்கே நம் ஊரில் தையல் மெஷின் இருப்பதைப் போல, பலர் வீட்டில் தோட்டா நிரப்பும் கருவி இருக்கும்.

அந்த ரிவால்வர் அவருடைய அப்பாவுடையது. அப்பா அதே ஊரில் போலீஸ்காரர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 'மாடல் 10', நான்கு அங்குலக் குழல். இருபத்தைந்து வருடம் இடுப்பில் தொங்கியதில், தோலுறையில் உரசி உரசிக் குழல் முனையிலும் உருளையின் விளிம்பிலும் கருநீலப் பூச்சு தேய்ந்து வெள்ளி போல மின்னுகிறது. புதிதாகப் பூச்சு கொடுக்கலாம் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னபோது, "அது அப்பாவோட கையெழுத்து. அதை யாராவது அழிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

இந்த ரிவால்வர் வகை 1899இல் வந்தது. 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்பதுதான் முதல் பெயர். 1957இல் அந்த நிறுவனம் எல்லாவற்றுக்கும் எண் கொடுக்கத் தொடங்கியபோது 'மாடல் 10' ஆனது. இதுவரை 60 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கிறது. உருவத்தில் நடுத்தரம். இதைவிடச் சின்னதில் ஐந்து தோட்டாதான் பிடிக்கும், சுட்டால் கை வலிக்கும். இதைவிடப் பெரியதை நாள் முழுக்க இடுப்பில் சுமக்க முடியாது. நடுவில் உள்ள இதற்கு 'கே' சட்டகம் என்று பெயர். ஆறு தோட்டா, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை.

சிவாஜியா, எம்.ஜி.ஆரா என்று ஒரு காலத்தில் டீக்கடையில் சண்டை நடந்ததே, அது போல அங்கே 'ஸ்மித்தா, கோல்ட்டா' என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கோல்ட்டின் உருளை வலப்பக்கம் சுழலும், ஸ்மித்தின் உருளை இடப்பக்கம் சுழலும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுகிறவர்கள் உண்டு.

அடுத்த சண்டை தோட்டாவைப் பற்றியது. நம் வீடுகளில் சாம்பார் பொடிக்கு ஒவ்வொரு அம்மாவும் ஒரு கணக்கு வைத்திருப்பதைப் போல, அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. எந்த வடிவக் குண்டு, எந்த வெடிமருந்து, எவ்வளவு எடை என்று சொல்லும்போதே முகம் மலரும்.

இவருடைய கணக்கு அப்பாவின் நோட்டில் இருக்கிறது. 'பாயிண்ட் 38 ஸ்பெஷல்' கூடு. 148 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டு. அதற்குக் கூர்முனை கிடையாது, உடைத்த சாக்பீஸ் துண்டு போல முன்பக்கம் தட்டையாக இருக்கும். கூர்முனைக் குண்டு தாளைக் கிழித்துக்கொண்டு போகும். தட்டைக் குண்டோ, ஆபீஸில் காகிதம் துளைக்கும் பஞ்ச் மெஷின் மாதிரி சுத்தமான வட்டம் போடும். மதிப்பெண் கணக்கிடச் சுலபம். அதனால்தான் போட்டிகளில் சுடுகிறவர்கள் இதை விரும்பினார்கள். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெர்ரி, அதே ஈரி ஏரிக்கரையில்தான் இருக்கிறது.

கிரெயின் என்றால் தானியமணி. ஒரு காலத்தில் தானியமணியை வைத்து எடை பார்த்ததால் வந்த பெயர். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்ததைப் போல. ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயின் வரும். அப்பாவின் கணக்கில் வெடிமருந்து மூன்று கிரெயினுக்கும் குறைவு. ஏறக்குறைய ஒன்றரைக் குன்றிமணி எடை! அவ்வளவு மருந்துதான் அந்த ஈயத்தை ஐம்பது கஜம் தள்ளியிருக்கும் தாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இளமையில் இவருக்கு இந்த 'சாதுத் தோட்டா' பிடிக்கவில்லை. சத்தம் வேண்டும், உதை வேண்டும். சம்பளம் சேர்த்து 'மாடல் 19' வாங்கினார். அமெரிக்க எல்லைக் காவல் படையில் இருந்த பில் ஜோர்டன் என்ற புகழ்பெற்ற துப்பாக்கி வீரரின் யோசனைப்படி 1955இல் வந்த ரிவால்வர் அது. அதே நடுத்தர உடம்பில், மிக வேகமான 'பாயிண்ட் 357 மேக்னம்' தோட்டா. ஜோர்டன் போன்றவர்கள் பயிற்சிக்கு மெதுவான தோட்டாவையும், பணியில் மட்டும் மேக்னத்தையும் போட்டார்கள். பின்னால் வந்தவர்களோ எப்போதும் மேக்னமே சுட்டார்கள், அதுவும் எடை குறைந்த, வேகம் கூடிய குண்டுகளாக. நடுத்தர உடம்பு அதைத் தாங்கவில்லை. குழலின் பின்வாய், சுவர் மெலிந்த அடிப்பக்கத்தில் விரிசல் விட ஆரம்பித்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த நிறுவனமே இதைவிடச் சற்றுப் பெரிய சட்டகத்தைக் கொண்டுவந்தது.

இவருடைய மாடல் 19க்கும் ஒருநாள் அந்த விரிசல் வந்தது. அப்பா திட்டவில்லை. "துப்பாக்கி உன்கிட்ட என்ன கேட்டுச்சுன்னு யோசிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து மெதுவான தோட்டாதான். ஒரே தாளில், ஒரே துளையின் மேல் இன்னொரு துளை விழ வேண்டும். அந்த அடக்கத்தில் உள்ள சுகம் அவருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

தோட்டா செய்வது கஷ்டமான வேலை இல்லை. சுட்டு முடித்த கூட்டிலிருந்து பழைய பிரைமரை வெளியே தள்ள வேண்டும். தீபாவளிக்குச் சுடும் கேப் மாதிரி, தட்டினால் பொறி பறக்கும் குட்டி உலோகக் கிண்ணம்தான் பிரைமர். சுட்டதில் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். வாயை லேசாக அகட்டி, புதுப் பிரைமர் வைத்து, மருந்து போட்டு, குண்டை அமர்த்தி, விளிம்பை உள்பக்கமாக மடக்கினால் முடிந்தது. குண்டு வார்க்க ஈயம் உருக்குவதை மட்டும் கார் ஷெட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வார். ஈயப் புகையும் தூசும் விஷம். கை கழுவாமல் சமையலறைக்குள் வரக் கூடாது என்பது மனைவி போட்ட சட்டம்.

கஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பாயிண்ட் 38 கூடு 1899ஆம் வருடத்துக்காரர்களுக்கானது. அன்றைய கரும்பொடி மருந்து இருபது கிரெயினுக்கு மேல் போடுவதற்காக விசாலமாகச் செய்யப்பட்டது. இன்றைய மருந்து மூன்று கிரெயினுக்கும் குறைவு. கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை போலக் கிடக்கும். மறதியாக இன்னொரு முறை போட்டாலும் வழியாது. மேலே குண்டை அமர்த்திவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். உருளை வெடித்துச் சிதறும். விரல் போகும், கண் போகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

அதனால்தான் டார்ச் விளக்கு. ஐம்பது கூட்டிலும் மருந்து போட்ட பிறகு, குண்டு வைப்பதற்கு முன்னால், பலகை முழுவதையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஐம்பதிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா? நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா எழுதி வைத்திருக்கிறார்: 'மனசு வேற இடத்தில் இருந்தால், மேஜையை மூடிவிட்டுப் போ.'

அப்பா அடிக்கடி ஒரு கதை சொல்வார். இரண்டாம் உலகப் போரின்போது இதே ரிவால்வர்கள் லட்சக்கணக்கில் கடற்படைக்கும் நேச நாட்டுப் படைகளுக்கும் போயின. 1944இன் கடைசியில், ஒரு கப்பலின் இரும்புத் தளத்தில் ஒரு ரிவால்வர் கைதவறி விழுந்து, தானாக வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். உடனே உள்ளே இருந்த பாதுகாப்புத் தடுப்பை மாற்றி அமைத்தார்கள். வரிசை எண்ணில் 'வி' என்ற எழுத்துக்கு முன்னால் 'எஸ்' சேர்த்து, மாற்றம் செய்யப்பட்டதை அடையாளம் காட்டினார்கள். "ஒரு ஆள் செத்துத்தான் அந்த எழுத்து வந்துச்சு" என்பார் அப்பா.

அந்த டிசம்பர் இரவுக்கு வருவோம்.

மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தொன்பது வருட வாழ்க்கை. பகலில் சமாளித்துவிடுவார். சாயங்காலம் ஆனால் மேலே ஒரு சத்தமும் இல்லாத வீட்டில் உட்கார முடியவில்லை. கீழே வந்து தோட்டா செய்யலாம் என்று தோன்றியது. கை தானாக வேலை செய்தது. மருந்து போட்டு முடித்து டார்ச் அடித்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு கூட்டில் மருந்து உயரமாக இருந்தது. நான்காவது வரிசையில் இன்னொன்று.

நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட நடக்காதது, ஒரே பலகையில் இரண்டு. எப்போது இரண்டாம் முறை போட்டார் என்று யோசித்தால் நினைவே வரவில்லை. ஐம்பது கூட்டையும் கவிழ்த்து, மருந்தைப் புட்டியில் திரும்பக் கொட்டினார். விளக்கை அணைத்தார். பிறகு மேலே வந்து, முப்பது வருடமாகச் சேர்ந்து சுடும் நண்பருக்குப் போன் போட்டார்.

நண்பர் அந்தப் பனியிலும் வந்தார். காபி போட்டது அவர்தான். நடந்ததை முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "ரிவால்வர் கொஞ்ச நாள் என் வீட்டுப் பெட்டகத்துல இருக்கட்டுமே. பனி கரையட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

இவருக்குக் கோபம் வந்தது. "நான் என்ன சின்னக் குழந்தையா? என்னை என்னன்னு நினைச்சே?"

"ஒண்ணும் நினைக்கலை. நீ சரியா இருந்தா, மூணு மாசம் உன் துப்பாக்கிக்கு என் வீட்டுல ஓசியில இடம் கிடைச்சுது, அவ்வளவுதான். சரியா இல்லாட்டி?"

துப்பாக்கியை விரும்புகிறவர்கள் தங்களுக்குள் அதிகம் பேசாத விஷயம் இது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வதால் நிகழ்பவை. வயதான ஆண்களிடம் இந்த ஆபத்து மிக அதிகம். துணையை இழந்தவர், தனியாக இருப்பவர், தூக்கம் கெட்டவர் என்று வரும்போது வெளியார் யாரும் தேவையில்லை, மறதியாக விழும் ஒரு நிமிடமே போதும். அந்த ஒரு நிமிடம் கடந்துபோகும்வரை, துப்பாக்கி எட்டாத தூரத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்கிறவர்கள் பலர். இது தெரிந்த நண்பர்கள், வீட்டுச் சாவியை வாங்கி வைப்பதைப் போல, ஓசைப்படாமல் துப்பாக்கியை வாங்கி வைக்கிறார்கள்.

இவர் ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு கீழே போய், உருளையைத் திறந்து, ஆறு அறையும் காலியாக இருப்பதை நண்பருக்குக் காட்டி, ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வாசலில் நண்பரின் கார் விளக்கு மறையும்வரை நின்றார். அன்றிரவு பல வாரங்களுக்குப் பிறகு தூங்கியதாகப் பின்னால் சொன்னார்.

குளிர்காலம் முழுக்க நண்பர் வாரம் இரண்டு முறை வந்தார். சீட்டாடினார்கள். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். மகள் சிகாகோவிலிருந்து வந்து பத்து நாள் தங்கினாள். அம்மாவின் துணிமணிகளை இருவருமாகப் பிரித்தார்கள். துப்பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏப்ரலில் ஏரியின் பனி உருகியது. ஒரு சனிக்கிழமை நண்பர் துணிச்சுருளோடு வந்து நின்றார்.

"இப்ப எப்படி இருக்கே?"

"டார்ச்சை நீ பிடி. அப்புறம் சொல்றேன்."

இருவரும் நிலவறைக்குப் போனார்கள். ரேடியோ இல்லை, பேச்சு இல்லை. ஐம்பது கூடு, ஐம்பது முறை மருந்து. முடித்ததும் இவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு விலகி உட்கார்ந்தார். நண்பர் குனிந்து, முதல் வரிசையின் முதல் கூட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கத் தொடங்கினார்.

"சரி" என்றார். அடுத்தது. "சரி." அடுத்தது.

ஐம்பதாவது 'சரி' வந்தபோது, இவர் நோட்டை எடுத்துத் தேதி போட்டார். அப்பா எழுதிய வரிக்குக் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'பார்க்க இன்னொரு ஆள் இருந்தால் நல்லது.'