நீலப்பல்லும் ஊடலையும்

1997இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கர்டாக், குறுந்தொலைவு வானலைத் தொடர்பு நுட்பமொன்றுக்குப் ‘புளூடூத்’ எனத் தற்காலிகக் குறிப்பெயர் சூட்டினார். அது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர். டென்மார்க்கையும் நார்வேயையும் தனதாக்கியதாக அவன் நட்ட ஜெல்லிங் கல்வெட்டு கூறும். கணினியையும் கைபேசியையும் இணைக்கும் நுட்பத்துக்கு அப்பெயர் பொருந்திற்று. விற்பனைக்கென எண்ணிய பெயர்கள் கைகூடாமற்போகவே குறிப்பெயரே நிலைத்தது. அவனுடைய பெயர்களின் முதலெழுத்துகளுக்குரிய இரு ரூன் வடிவங்களின் கூட்டுதான் அதன் சின்னம்.

நம் கலைச்சொற் பட்டியல்கள் இதனை ‘ஊடலை’ என்கின்றன. அழகிய ஆக்கம்; எனினும் அது நுட்பத்தை விளக்குகிறதேயன்றிப் பெயரைப் பெயர்க்கவில்லை. ‘நீலப்பல்’ என்றாலோ அரசனும் மறைகிறான், நுட்பமும் புலப்படுவதில்லை. வைஃபையின் கதை இன்னும் விந்தை: அது எதன் சுருக்கமும் அன்று, வணிகத்துக்கென ஆக்கிய வெறும் பெயர். ஆயினும் தேர்வுகளில் அதற்கு விரிவாக்கம் கேட்கிறார்கள். மாணவரும் எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள்.