உடம்பைப் பாருங்க!

சென்ற ஞாயிறு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருந்தோம். சாளுவன்குப்பம் புலிக்குகைக்கு வெளியே, உண்ணிச்செடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி. கறுப்பு இறக்கை, மேலே வெள்ளைப் பட்டைகள், கீழே சிவப்புப் பொட்டுகள். ஒரு விநாடி உட்காருவேனா என்றது. பதினேழு போட்டோ எடுத்ததில் பதினாறில் செடி மட்டும் அழகாக விழுந்திருந்தது.

மிஞ்சியதை இத்தாலியில் இருக்கும் அக்கா மகனுக்கு 'கிரிம்சன் ரோஸ்' என்று பெருமையாக அனுப்பினேன். பதிலுக்கு அவன் அந்த ஊர் 'சதர்ன் ஃபெஸ்டூன்' படம் ஒன்றை அனுப்பினான். மஞ்சளில் கறுப்பு வளைகோடுகள், ஓரத்தில் சிவப்பு... மார்கழிக் கோலம் மாதிரி. கூடவே ஒரு வரி: 'மாமா, உங்களுது டூப்ளிகேட். உடம்பைப் பாருங்க!'

பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு கறுப்பு. நிஜ கிரிம்சன் ரோஸுக்குத் தலையும் உடம்பும் ரத்தச் சிவப்பு.

சமாசாரம் இதுதான். கிரிம்சன் ரோஸின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்கிறது. ஆடுகூடத் தொடாத அந்தச் செடியின் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒரு தடவை கடித்த பறவை மறு தடவை கிட்டே வராது. (இத்தாலிக்காரரும் அதே குடும்பத்துச் செடியைத் தின்றுதான் பிழைக்கிறார்.) நான் எடுத்தது 'காமன் மார்மன்' பெண். அதனிடம் விஷம் கிடையாது, வேஷம் மட்டும்தான். ஆணுக்கு அந்த வேஷமும் இல்லை. கறுப்பில் ஒரு வெள்ளை வரிசை, அவ்வளவே.

ஏமாந்தது நான் மட்டுமில்லை. 1758-ல் பெயர் வைத்த லின்னேயஸே இதன் ஆணையும் பெண்ணையும் வேறு வேறு வகை என்று நினைத்து, பாம்மன், பாலிட்டிஸ் என இரண்டு பெயர் வைத்துவிட்டார். இந்த வேஷத்தை நடத்துவது 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே ஜீன் என்று 2014-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல். நிஜம் நிறைய இருந்தால்தான் போலிக்குப் பாதுகாப்பு. விஷம் ருசி பார்த்த பறவைதானே வேஷத்துக்குப் பயப்படும்? மனை போடுகிறவர்கள் வேலிப்புதரைச் சுத்தமாக வழிக்கும்போது ஆடுதீண்டாப்பாளையும் சேர்ந்து போய்விடுகிறது. ஒரு கொடி போனால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

கடைசியாக மார்மன் புழு எதைத் தின்னும் என்று தேடினேன். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை. சின்ன வயதில் பார்க்கக் காக்கா எச்சம் மாதிரி இருக்குமாம். சொரேர் என்றது. எங்கள் கறிவேப்பிலையில் வாரம் தவறாமல் அந்த 'எச்சத்தை'க் குச்சியால் தட்டி மிதித்தது சாட்சாத் நானேதான்.

"இனிமே தட்டப்போறதில்லை" என்றேன்.

"அப்ப ரசத்துக்கு?" என்றாள் மனைவி.

மேல்பக்கக் கிளை இரண்டு அதுக்கு, மற்றது நமக்கு என்று பேசி முடித்திருக்கிறோம். நேற்று அந்தக் கிளையில் பாதி இலையைக் காணோம்.