எதிரே அமர்ந்திருப்பவரின் கை



சென்ற வாரம் நம் சபையின் சகோதரி ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு குருமனைக்கு வந்தார். மகன் வெளியூரில் பொறியியல் படிக்கிறான். நாற்காலியில் அமருமுன்பே அந்தத் தாயின் கண்கள் கலங்கிவிட்டன. "ஐயா, இவன் சீட்டு ஆடுறான். போட்டிக்கெல்லாம் போறான். நீங்கதான் ஜெபம் பண்ணிப் புத்தி சொல்லணும்" என்றார். தம்பி தலைகுனியவில்லை. "பிரிட்ஜ் ஐயா. காசு வச்சு ஆடுறதில்ல" என்று மட்டும் சொன்னான்.

அந்தத் தாயின் அச்சத்தை நீங்கள் எளிதாக எண்ணிவிடாதிருங்கள். கைப்பேசியில் ரம்மி ஆடிக் கடன்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். 2022இல் தமிழகச் சட்டமன்றம் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. 2025இல் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. பந்தயப் பணத்தைக் குறித்து எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அது குடும்பங்களைத் தின்கிறது.

ஆனால் சீட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே நாம் முகம் சுளிப்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். நமது தமிழ் வேதாகமத்தில் யோனாவின் பேரில் விழுந்தது சீட்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டது சீட்டினால். சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் ஆண்டவருடைய அங்கிக்காகப் போட்டதும் சீட்டுத்தான். அது வேறு சீட்டு என்பதை அறிவேன். எனினும் அந்த ஒரே சொல் அப்போஸ்தலரின் ஜெபத்தோடும் நிற்கிறது, சேவகரின் பேராசையோடும் நிற்கிறது.

தம்பியிடம் ஆட்டத்தை விளக்கச் சொன்னேன். பழைய ஆட்டமொன்றுக்கு 1925இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் ஒரு கப்பல் பயணத்தின்போது புதிய புள்ளிமுறையை வகுத்தாராம். இன்றைய பிரிட்ஜ் அதிலிருந்து வளர்ந்தது. நால்வர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டுகள். எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். முதலில் ஏலம் கேட்பார்கள், பிறகு ஆட்டம். போட்டிகளில் ஆடுவது டூப்ளிகேட் பிரிட்ஜ் என்னும் வகை. ஒரு மேசையில் ஆடப்பட்ட நான்கு கைகளையும் அப்படியே ஒரு தட்டின் அறைகளில் செருகி அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். ஆகவே, "எனக்கு மோசமான சீட்டு வந்தது, தோற்றேன்" என்று சொல்லித் தப்பமுடியாது. அதே மோசமான சீட்டுகளைக் கொண்டு மற்ற மேசைகளில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கணக்கு. எனக்கு இது பிடித்திருந்தது. நம்மில் எத்தனைபேர் கையில் வந்ததைப் பழித்தே காலத்தைப் போக்குகிறோம்!

கூட்டாளியின் சீட்டுகளை நீங்கள் பார்க்கக்கூடாது. கண்ணசைவோ இருமலோ கூடாது. பெரிய போட்டிகளில் கூட்டாளியின் முகமே தெரியாதபடி மேசையின் குறுக்கே ஒரு தடுப்பை நிறுத்துவார்கள். ஏலத்தையும் வாயால் சொல்லாமல் அட்டைகளை எடுத்துவைத்தே கேட்பார்கள். 2015இல் நார்வே நாட்டு வீரர் பாய் புரோகெலாண்ட், தம் பழைய அணியில் ஆடிய ஓர் இணை இரகசியச் சைகைகளால் ஏமாற்றியதாக வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். அவர்களோடு சேர்ந்து தாம் வென்ற பட்டங்களையும் துறந்தார். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே ஆடவர் இணைப்பிரிவில் கொல்கத்தாவின் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் இருவரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. என் வயதுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கொரு சிறு மகிழ்ச்சி.

"தோத்தா யார் மேல கோபம் வரும்?" என்று கேட்டேன். "கூட்டாளி மேலதான் ஐயா. அதை அடக்கத் தெரியலேன்னா அடுத்த ஆட்டமும் போயிடும்" என்றான்.

அதற்குமேல் அவனைக் கேள்வி கேட்க எனக்கு நாவெழவில்லை. அதன் காரணத்தை உங்களிடம் அறிக்கையிடுகிறேன்.

என் தகப்பனார் நாகல்நகரில் பூட்டுத் தொழிலாளி. வாரமெல்லாம் அரம் பிடித்து நெம்புகளை ராவிய கைகள். ஞாயிறு ஆராதனை முடிந்து, உண்டு, சற்று உறங்கி எழுந்தபின் எங்கள் வீட்டுத் திண்ணையில் நால்வர் கூடுவார்கள். ஆட்டத்தின் பெயர் முந்நூற்று நாலு. முப்பத்திரண்டு சீட்டுகள் மட்டுமே. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிச் சீட்டுக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. ராஜா மூன்று பெறுகிற இடத்தில் அவருடைய ஊழியன் முப்பது பெறுகிறான். இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை, சொல்லியிருக்கலாம். காசு கிடையாது. புளியங்கொட்டைகளை எண்ணிவைப்பது சிறுவனாகிய என் வேலை.

அப்பாவுக்கு எதிரே எப்பொழுதும் அமர்பவர் பேகம்பூரிலிருந்து வரும் ஒரு ராவுத்தர். ஒருநாள் அப்பா இறக்கிய ஜாக்கியை எவராலும் வெல்ல முடியாதிருந்தும், ராவுத்தர் அதன்மேல் துருப்பை வெட்டிவிட்டார். துருப்பு வீணாயிற்று, சில புள்ளிகளில் ஆட்டமும் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்தார். இரவில் கேட்டேன், "ஏம்ப்பா அவரை ஒண்ணுமே சொல்லல?" அப்பா சொன்னார்: "அவர் கையில என்ன இருந்துச்சோ, நமக்குத் தெரியுமாடா?" ஆட்டம் முடிந்தபின் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்து விசாரிக்கும் வழக்கமும் அவரிடம் இருந்ததில்லை.

1992ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரியின் முதலாண்டை முடித்து வீடு வந்திருந்தேன். எவரும் எனக்குக் கற்பிக்காத ஒரு வைராக்கியம் என்னைப் பிடித்திருந்தது. ஞாயிறு மாலை நால்வரும் ஆடிக்கொண்டிருக்கையில் திண்ணைக்குப் போய்ச் சீட்டுகளை அள்ளினேன். உள்ளே கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். திரும்பி வந்து, அந்நிய நுகத்தைக் குறித்த வசனத்தை ராவுத்தரின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார். "வர்றேன் தம்பி" என்று என்னிடமே விடைபெற்றுப் போனார். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். திண்ணையில் அதன்பின் எவரும் கூடவில்லை. நான் அதை வெற்றி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

2006இல் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டு முடித்தபின், கூட்டத்தின் கடைசியிலிருந்து ராவுத்தர் கைத்தடியூன்றி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரியே உங்கப்பா என்னைத் தேடி வந்தாரு தம்பி. உங்க மேல வருத்தப்பட வேணாம்னாரு. 'அவன் கையில என்ன இருக்கோ, நமக்குத் தெரியாது ராவுத்தரே'ன்னாரு." அதன்பின் பதினான்கு ஆண்டுகளாக வாரந்தோறும் பேகம்பூரில் ஒரு டீக்கடையில் இருவரும் சந்தித்து வந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. ஆடினீர்களா என்று கேட்டேன். "இல்ல. நீங்க ஐயரா வரப்போறீங்க, உங்க பேருக்கு ஒரு சொல் வந்துரக்கூடாதுன்னு அவரு அப்புறம் சீட்டையே தொடல" என்றார்.

பம்பிலியா நாட்டில் தங்களை விட்டுப் பிரிந்துபோன மாற்கை மறுபடியும் அழைத்துப்போகப் பவுல் மறுத்ததையும், அதனிமித்தம் பர்னபாவோடு மூண்ட கடுங்கோபத்தையும் நீங்கள் அறிவீர்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் அதே மாற்கை அழைத்துவரும்படி எழுதுகிறார். பவுலுக்கு அதை எழுத நாள் இருந்தது. நான் ராவுத்தரிடம் அந்தக் கல்லறையோரத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியிருந்த இன்னொருவர்மேல் அப்பொழுதுதான் மண் போட்டிருந்தோம்.

இதை அந்தத் தாயிடமும் மகனிடமும் சொன்னேன். பணம் வைக்கும் இடத்தில் உட்காரமாட்டேன், ஆராதனை நேரத்தில் ஆடமாட்டேன் என்று தம்பி வாக்குக் கொடுத்தான். ஜெபித்தோம். அந்தச் சகோதரி முழுமனதோடு எழுந்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் படியிறங்கும்போது மகனிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது: "உனக்கு எதிர்ல உக்காந்து ஆடுற பையன் யாரு? எந்த ஊரு? லீவுல ஒருநா வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வா."