நந்திதுர்க் தாளம்

எங்கள் இல்லத்தில் மூன்றாண்டுக் காலமாக ஒரு சச்சரவு நிலவி வந்தது. அது தீர்ந்த வகையைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லுதல் நலம் என்று, கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் கலந்து பேசி இதனை எழுதுகின்றோம்.

எங்கள் மகன் பெங்களூரில் பொறியியல் பயின்றவன். பகலில் கணினிப் பணி பார்க்கின்றான். விடுமுறை நாள்களில் நண்பர் மூவரோடு கூடி ‘ஹெவி மெட்டல்’ என்னும் மேனாட்டு இசையை வாசிக்கின்றான். அக்குழுவில் டிரம் அடிப்பவன் அவனே. இவ்விசையைக் கேட்டறியாதவர்களுக்கு ஒரு சொல்: மின்கிதாரின் உறுமலுக்கும் உரத்த பாட்டுக்கும் அடியில், இரு கைகளாலும் இரு கால்களாலும் ஓயாது எழுப்பப்படும் முழக்கமே இதன் உயிர். பெங்களூர் இதற்குப் பெயர் பெற்ற நகரம். 2007ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அயர்ன் மெய்டன் குழுவினரும், 2011 அக்டோபரில் மெட்டாலிகா குழுவினரும் இங்கே அரண்மனைத் திடலில் வாசித்தபோது, இளைஞர் கூட்டம் அலைமோதிற்று.

மகன் டிரம் அடிப்பதை நாங்கள் விரும்பவில்லை. வேலை கெடும், காது கெடும் என்றெல்லாம் காரணம் காட்டினோம். உண்மைக் காரணம் வேறு. அதனை அவனிடம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீடுகளில். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் பணி தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த வந்து சேர்ந்த குடும்பங்களுள் எங்களுடையவையும் அடங்கும். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீரின் மின்சாரம் அச்சுரங்கங்களுக்கு வந்ததென்று பெருமை பேசுவர். எங்களவர் வாழ்ந்ததோ நெடுங்காலம் தட்டிக் குடிசைகளில்.

அவ்வூரில் ஓசைக்குக் குறைவில்லை. வேளை மாறும்போதெல்லாம் சங்கு ஊதும். ஆளை இறக்கவும் ஏற்றவும் இத்தனை முறை என்று கணக்கிட்டு மணி அடிப்பர். ஆழத்தில் பாறை வெடித்து நிலம் குலுங்கினால் அடுக்கிலுள்ள பாத்திரம் உருளும். உள்ளே ஆள் இருக்கும் வீட்டுப் பெண்கள் தலைவிரிகோலமாய்ச் சுரங்க வாயிலுக்கு ஓடுவர்.

எங்களுள் ஒருவரின் தந்தையார் அங்கே பாறையில் துளையிடும் தொழிலாளி. வேலையற்ற நாளில் அவர் பறை வாசிப்பார். திருவிழாவாயினும் சாவாயினும் அவர் இன்றி நடவாது. தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சியும் வலக்கையில் குறுகிய அடிக்குச்சியும் கொண்டு அவர் தொடங்கினால், லைன் முழுதும் தெருவுக்கு வந்துவிடும். எட்டு மணி நேரம் துளைக்கருவியால் அதிர்ந்த கைகள் எவ்வாறு அவ்வளவு நுட்பமாக வாசித்தன என்பது இன்றும் எங்களுக்கு வியப்பே. நெஞ்சில் படிந்த பாறைத்தூள் அவர் மூச்சைச் சிறிது சிறிதாகக் குடித்தது. 1994இல் காலமானார்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நாங்கள் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தோம். வாடகைக்கு வீடு தேடிய இடங்களில், “தங்கவயலில் எந்தப் பகுதி? எந்தத் தெரு?” என்று கேட்டவர்களின் கேள்வி எங்கே போய் முடியும் என்பதை அறிந்துகொண்டோம். ஐந்து திணைகளுக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையை வைத்தது. உலகமோ அப்பெயரைக் கொண்டே ஒரு மக்களை இகழ்ந்தது. ஆங்கில அகராதியிலும் அச்சொல் ‘விலக்கப்பட்டவன்’ என்னும் பொருளில் ஏறி அமர்ந்தது. ஆகவே நாங்கள் ஊரைச் சொல்லாது விட்டோம். தந்தையாரின் பறையை அவருடைய தம்பியாரிடம் விட்டோம். எங்களுக்குப் பிறந்த மகனிடம், “தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தார்” என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அவன் குச்சிகளைக் கையில் எடுத்த அன்று எங்களுக்கு உண்டான அச்சம் இப்போது அன்பர்களுக்கு விளங்கும்.

நிற்க. 2025ஆம் ஆண்டில் அவன் குழு ஒரு நிகழ்ச்சிக்கு அறிவிப்புத் தாள் அச்சிட்டது. தாம் யாரைப் பின்பற்றி வாசிக்கின்றோம் என்பதை ஒவ்வொருவரும் எழுத வேண்டுமாம். மகன் முதலில் எழுதிய பெயர் பில் வார்டு. “யார் இவர்?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டோம். அவன் அன்றிரவு நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பில் வார்டு 1948இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பேட்டையில் பிறந்தவர். போரில் குண்டு வீழ்ந்து சிதைந்த ஊர். எப்புறமும் உலோக ஆலைகள். அவருடைய தோழர் டோனி அயாமி தகட்டு ஆலையில் வேலை பார்த்து, பதினேழாம் வயதில் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். பின்னர் விரலுக்கு உறை செய்து அணிந்து கிதார் வாசித்தார். இவர்களோடு ஆஸி ஆஸ்போர்னும் கீஸர் பட்லரும் 1968இல் ஒன்றுகூடினர். ‘பிளாக் சாபத்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்தது. ஹெவி மெட்டல் அங்கிருந்து தொடங்கிற்று என்பர். ஆலை ஓசையே தங்கள் இசையில் புகுந்தது என்று அந்நகரத்துக் கலைஞர் பலர் கூறியிருக்கின்றனர்.

வார்டின் ஆசான்களோ ஜாஸ் வாசித்தவர்கள்: ஜீன் குரூபா, பட்டி ரிச் முதலானோர். ஆகவேதான் அவருடைய அடியில் இடிக்குநிகரான கனத்தோடு ஓர் ஊசலாட்டமும் இருக்கின்றது என்றான் மகன். அந்த ஜாஸும், பல முரசுகளை ஒருவரே அமர்ந்து வாசிக்கும் டிரம் தொகுதியும், அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில், கறுப்பின மக்களின் கைகளில் வளர்ந்தவை. இழிந்த இசை என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவை.

வார்டின் வாழ்வில் குடிப்பழக்கமும் இருந்தது. 1980இல் பயணத்தின் நடுவே குழுவை விட்டு விலகினார். 1998இல் மாரடைப்பு வந்தது. பெற்றோராகிய எங்களுக்கு இவற்றைக் கேட்க நடுக்கமே. மகன் எதையும் மறைக்காது கூறினான். குடியை விட்டொழித்த அம்மனிதர், 2025 ஜூலை 5ஆம் நாள், 77ஆம் வயதில், தாம் பிறந்த அதே ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் அரங்கில் பழைய தோழர் மூவரோடும் இறுதி முறையாக வாசித்தாராம்.

கதையை முடித்துவிட்டு மகன் கேட்டான்: “அவர் பிறந்த பேட்டையைப் பற்றி உலகமே பேசுகின்றது. நம்முடையதும் சுரங்க ஊர்தானே, அப்பா? நம் வீட்டில் யாருமே வாசித்ததில்லையா, அம்மா?”

எங்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தோம். அந்த இரவு உறக்கம் வரவில்லை. விடியுமுன் அவனை எழுப்பி யாவற்றையும் சொல்லிவிட்டோம். அவன் சினந்திருந்தால் தாங்கியிருப்போம். “இருபது ஆண்டாக என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று மெல்லக் கேட்டான். விடை இல்லை.

அடுத்த ஞாயிறன்று பங்காரப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் செல்லும் இரயிலில் மூவரும் புறப்பட்டோம். அவ்விரயில் நாள்தோறும் காலையில் தங்கவயலின் மக்களைப் பெங்களூர் வேலைகளுக்குச் சுமந்து வந்து, இரவில் திரும்பக் கொண்டு சேர்ப்பது. நந்திதுர்க்கில் இப்போது சங்கு ஊதுவதில்லை. சயனைடு மண்மேடுகள் மட்டும் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன.

சிற்றப்பா பறையைப் பரண்மேல் துணி சுற்றி வைத்திருந்தார். முற்றத்தில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். மகன் வாங்கி வாசித்தான். ஓசை எழுந்தது, நயம் எழவில்லை. முதியவர் சிரித்தார்.

“இறுக்கிப் பிடிக்காதே, ராசா. கை தளர்ந்தால்தான் தோல் பேசும். உன் தாத்தா அப்படித்தான் பிடிப்பார்.”

“சின்னத் தாத்தா, மேனாட்டு ஆசிரியரும் இதையேதான் சொன்னார்” என்றான் மகன். மாலைக்குள் ஓர் அடி அவனுக்குப் பிடிபட்டது. அண்டை வீட்டார் வாயிலுக்கு வந்தனர். சுரங்கத்தில் உழைத்த கிழவர் ஒருவர் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு ஆடத் தொடங்கினார். நாங்கள் ஓர் ஓரமாக நின்று அழுதோம்.

அதே 2025ஆம் ஆண்டில்தான் மதுரை அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. அவ்விருதுச் செய்தியைக் கண்டபோது, இனி எங்களுக்கும் துணிவு வரும் என்று எண்ணினோம். ஆயினும் அரசு துணிந்த பின்னரும் நாங்கள் வாய் திறக்கவில்லை. மகன் கேட்டபின்தான் திறந்தோம். இவ்வளவே எங்கள் பெருமை.

அடுத்த நிகழ்ச்சியின் அறிவிப்புத் தாளில் பில் வார்டின் பெயர் இரண்டாவதாக இருந்தது. முதலில் இருந்தது தாத்தாவின் பெயர். அதன் கீழே, ‘பறைக் கலைஞர், நந்திதுர்க்’.

எங்களை முகமறிந்த சங்கத்தார் பலர் இதைப் படிப்பர். எங்கள் தெருவை இதுவரை அறியாதவர் இன்று அறிவர். அறியட்டும்.